மின்சாரக் காரா, கைமாறிய பழைய காரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டெல்டா மாவட்டங்களிலிருந்து கார் தொடர்பாக வரும் கடிதங்களில் பாதிக்குமேல் இப்போது இந்த ஒரே கேள்விதான். எழுதுகிற எல்லோரும் விலையில் தொடங்குகிறார்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்ற இரண்டையும் சொன்னால்தான் எங்களால் பதில் சொல்ல முடியும். அப்படிச் சொல்லியிருந்த சில கடிதங்களையும், இதையொட்டி வந்த வேறு கேள்விகளையும் இம்முறை எடுத்திருக்கிறோம்.

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள். 2016 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது, 4 லட்சத்துக்குக் கிடைக்கிறது. புது டியாகோ மின்சாரக் கார், பெரிய பேட்டரி உள்ளது, ஆன்ரோடு பத்தரை லட்சம் சொல்கிறார்கள். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஆகிறது. எது சரி? பேட்டரி எட்டு வருடத்தில் போய்விடும் என்கிறார்களே? பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கும் திட்டம் எப்படி?

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் நீங்கள். உங்களுக்கு மின்சாரக் கார்தான் என்று தயங்காமல் சொல்வோம். ஆனால் கடன் தவணையை முழுக்கத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

அந்த பேட்டரியின் கொள்ளளவு 24 யூனிட். ஏசி போட்டு, 60, 70 வேகத்தில் நம் சாலையில் ஓட்டினால் பேட்டரியில் இருக்கும் ஒரு யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் வரை கிடைக்கும். சார்ஜ் ஏறும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெப்பமாக வீணாவதால், வீட்டு மீட்டர் கணக்கில் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் 4,000 கிலோமீட்டருக்கு 570 யூனிட். உங்கள் 300 யூனிட்டோடு சேர்த்தால் 870. இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 400 யூனிட் வரை ஐந்து ரூபாய்க்குள் இருப்பது, 500-ஐத் தாண்டியதும் எட்டு ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டியதும் ஒன்பதுக்கு மேல், 800-க்கு மேல் பத்தைத் தாண்டிவிடும். 500-ஐக் கடந்ததும் முதல் படிகளில் இருந்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். இதையெல்லாம் சேர்த்தே கணக்கிட்டாலும் காருக்காகக் கூடுதலாகக் கட்டுவது இரண்டு மாதத்துக்கு 5,000 ரூபாயை ஒட்டித்தான் வரும். கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

ஸ்விஃப்ட் டீசல் லிட்டருக்கு 20 கொடுத்தால் கிலோமீட்டருக்கு நாலே முக்கால். வித்தியாசம் மூன்றரை ரூபாய். வருடம் 24,000 கிலோமீட்டருக்கு 84,000. லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசல் வண்டிக்கு கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜெக்டர் என்று ஏதாவது ஒன்று வருடத்துக்கு வந்துகொண்டே இருக்கும். அதில் 20,000 மிச்சம் என்று கொண்டால் மொத்தம் வருடத்துக்கு ஒரு லட்சம் சொச்சம்.

மறுபக்கம், கூடுதல் ஆறரை லட்சத்தை ஒன்பதரை சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக வாங்கினால் தவணை மாதம் 13,650 ரூபாய். வட்டி மட்டும் 1,70,000-ஐ ஒட்டி வரும். டீசலிலும் பராமரிப்பிலும் மிச்சமாவது மாதம் 8,700. ஆகவே முதல் ஐந்து வருடம் மாதம் 5,000 ரூபாய் உங்கள் கையைக் கடிக்கும். அதைத் தாங்க முடியுமென்றால் வாங்குங்கள். தவணை முடிந்த பிறகு அந்த மிச்சம் முழுக்க உங்களுக்கு. அப்போது அந்த ஸ்விஃப்ட் இருந்திருந்தால் 2,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். 15 வயதும் நெருங்கி, ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணமும் தகுதிச் சோதனையும் காத்திருக்கும்.

பேட்டரி எட்டு வருடத்தில் ‘போவது’ இல்லை. உத்தரவாதம் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் ஓட்டத்துக்கு 1,60,000 கிலோமீட்டர் ஆறு வருடம் எட்டு மாதத்திலேயே வந்துவிடும். உங்களுக்கு எட்டு வருட உத்தரவாதம் என்று விற்பனையாளர் சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள். கடனையும் ஐந்து வருடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பேட்டரி ஒரேயடியாக நின்றுவிடுவது அபூர்வம். 180 கிலோமீட்டர் ஓடியது 150, பிறகு 140 என்று மெல்லத் தேயும். உங்கள் தேவை 80 என்பதால் தேய்ந்த பேட்டரியும் உங்களுக்குப் போதும். இதற்காகத்தான் 19.2 யூனிட் சின்ன பேட்டரியை எடுக்க வேண்டாம் என்கிறோம். புதிதில் 130, 140 ஓடும் அது ஆறு வருடம் கழித்து, ஏசி ஓடும் மே மாதத்தில், சாயங்காலம் திரும்பும்போது மனசை அடித்துக்கொள்ள வைக்கும்.

இந்த வகை வண்டிகளில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. வாரம் ஒருமுறை முழுசாக 100 வரை ஏற்றுங்கள். அப்போதுதான் செல்கள் சமமாகும், மீட்டர் காட்டும் சதவீதமும் நம்பும்படி இருக்கும். மற்ற நாளில் 80, 90 போதும். வெயிலில் முழு சார்ஜோடு நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் கெடுதல்.

பேட்டரியை வாடகைக்குக் கொடுத்து வண்டி விலையைக் குறைக்கும் திட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் வாடகை என்றால், மின்சாரச் செலவோடு சேர்த்து நாலேகால். டீசல் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மாதம் குறைந்தது இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டியே ஆகவேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தால் இன்னும் மோசம். உங்கள் ஓட்டத்துக்கு வேண்டாம்.

பாபநாசம். ஓய்வுபெற்ற நானும் மனைவியும் மட்டும். கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம் காட்சி, மாதம் 400 கிலோமீட்டர் தாண்டாது. பெட்ரோல் பழைய கார் போதுமா?

போதும். பெட்ரோலுக்கு மாதம் 2,600 ரூபாய் ஆகும். மின்சாரக் காரில் 500 ஆகும். வருடம் 25,000 மிச்சத்துக்காக ஐந்து, ஆறு லட்சத்தைக் கூடுதலாகப் போடுவது வீண். நாலு லட்சத்துக்குள் ஒரே கையில் இருந்த பெட்ரோல் ஹாட்ச்பேக் பாருங்கள். அதற்கு மேல் 50,000 ரூபாயைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு டயர், பேட்டரி, பிரேக், கூலன்ட் என்று முதல் ஆறு மாதத்தில் அது கரையும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்திய பெரும்பாலான வண்டிகளின் ரப்பர் குழாயும் கேஸ்கட்டும் அதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். எனவே பெட்ரோல் குழாய்களை மெக்கானிக்கிடம் காட்டி, விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை 15 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். வீட்டு வாசலில் இரண்டு நிமிடம் உறும விட்டு அணைப்பது கணக்கில் சேராது. அது 12 வோல்ட் பேட்டரியைத்தான் தின்னும்.

திருவையாறு பக்கம் கிராமம். 40 வருட வீடு. மின்சாரக் கார் வாங்கினால் திண்ணைப் பக்கம் இருக்கும் பிளக்கிலேயே சார்ஜ் போடலாமா? மோட்டார் கொட்டகையில் இலவச மின்சாரம் இருக்கிறதே, அங்கே போட்டால் என்ன?

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறோம். கூடாது. விவசாய இணைப்பு பாசனத்துக்கு மட்டும்தான். அதில் காருக்கு சார்ஜ் போடுவது மின்திருட்டுக் கணக்கில் வரும். அபராதம் ஒருபுறம் இருக்க, பம்ப்செட் இணைப்பையே இழக்க நேரும். பம்ப்செட் இணைப்புக்கு எத்தனை வருடம் காத்திருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

திண்ணை பிளக்கும் வேண்டாம். மிக்ஸி சில நிமிடம் ஓடும், இஸ்திரிப்பெட்டி சூடேறிச் சூடேறி நிற்கும். கார் அப்படி இல்லை. 14, 15 ஆம்பியரை ஒன்பது மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். பழைய சாக்கெட்டின் பித்தளைக் கவ்வி தளர்ந்திருக்கும், அந்தத் தளர்ந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். நடு ராத்திரியில் பிளாஸ்டிக் உருகும் வாடை வருவது இப்படித்தான். எக்ஸ்டென்ஷன் போர்டு போடவே போடாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். பழைய வீட்டு அலுமினிய ஒயரோடு முறுக்கி இணைக்கக் கூடாது. பாரம் மிஞ்சினால் லைனைத் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி., அதோடு மின்கசிவு தெரிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., முடிவில் நல்ல கம்பெனியின் 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். இந்த லைன் இன்வெர்ட்டர் பக்கம் போகவே கூடாது. கரண்ட் போனதும் காரின் பாரம் முழுக்க இன்வெர்ட்டர் மேல் விழுந்தால் அது அங்கேயே முடிந்தது. வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பாரம் ஒன்று, இரண்டு கிலோவாட்டாக இருந்தால், மின்வாரியத்தில் கூடுதல் பாரத்துக்கு விண்ணப்பித்துப் பணம் கட்டிவிடுங்கள். 7.2 கிலோவாட் வேக சார்ஜர் வேண்டுமென்றால் மூன்று பேஸ் இணைப்பு தேவைப்படும். ராத்திரி முழுக்க நிற்கும் வண்டிக்கு அது அவசியமில்லை.

இதில் உயிர் எர்த்தில் இருக்கிறது. எர்த் சரியில்லையென்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி ஏற்ற மறுக்கும். அது வண்டியின் கோளாறு அல்ல, உங்களைக் காப்பாற்றுகிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்குள், அதிகம் போனால் 5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் தடை 5 ஓமுக்குள். ஆற்றங்கரை மணலில் ஈரம் நிற்காது. அங்கே எட்டு, ஒன்பது அடி ஆழத்துக்குப் பைப் இறக்கிக் கரியும் உப்பும் போட வேண்டும். களிமண் கோடையில் வெடித்துப் பைப்பை விட்டு விலகும், ஏப்ரல் மே மாதங்களில் வாரம் ஒரு வாளித் தண்ணீர் எர்த் குழிக்கு ஊற்றுங்கள். நாகை, வேதாரண்யம் பக்க உப்பு மண்ணில் ஓம் கணக்கு அருமையாக வரும், ஆனால் ஜி.ஐ. பைப் சில வருடத்தில் துருப்பிடித்துக் காணாமல் போகும். அங்கே செம்பு பூசிய ராடு போடுவதே நல்லது.

சில எலக்ட்ரீஷியன்கள் ஒரு குறுக்கு வழி செய்கிறார்கள். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன ஒயரால் இணைத்துவிடுவார்கள், சார்ஜர் உடனே பச்சை காட்டும். தயவுசெய்து இதற்கு இடம் கொடுக்காதீர்கள். காற்று மழையில் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் அறுந்தால், காரின் இரும்பு உடம்பு முழுக்க மின்சாரம் பாயும். ஈரத்தரையில் வெறுங்காலோடு கதவைத் தொடுகிறவர் கதி என்ன? வேலை முடிந்ததும் சாக்கெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் கிராம லைனில் வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்குவதும் உண்டு, அப்போது சார்ஜர் நின்று நின்று ஏறும். ராத்திரி 11 மணிக்கு மேல் தொடங்கும்படி காரிலேயே நேரம் வைத்துவிடுங்கள்.

காரைக்காலில் பி.ஒய். 02 பதிவு எண் கார்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நான் இருப்பது நாகப்பட்டினம். வாங்கலாமா? பழைய காரில் எதைப் பார்க்க வேண்டும்?

மலிவாகத் தெரிவதற்கு வரி ஒரு காரணம். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். நீங்கள் நாகையில் வைத்து ஓட்டினால், அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி கட்டி, 12 மாதத்துக்குள் தமிழ்நாட்டு எண் எடுக்க வேண்டும். ‘பக்கத்து ஊர்தானே’ என்று விட்டுவிட்டால் சோதனைச் சாவடியில் மாட்டும். அந்த வரியையும் சேர்த்துப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

எந்த ஊர் வண்டியானாலும் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, கடன் இருந்தால் வங்கியின் சான்றும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வாங்குங்கள்; நிலுவை அபராதம் இருக்கிறதா என்று அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பாருங்கள்; இன்சூரன்ஸை 14 நாளில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) விற்கிறவருடையது, வண்டியோடு வராது. பதிவு எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். கடைசி சர்வீஸில் 1,40,000 என்றிருந்து இப்போது மீட்டர் 85,000 காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இனி வண்டி. காலையில் சொல்லாமல் போங்கள், என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. பெட்ரோல் வண்டியில் நிற்காமல் வரும் வெள்ளைப்புகை கூலன்ட் உள்ளே போகிறது என்பதைக் காட்டும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை பொங்கி வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஹாண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் மெதுவாகக் கிளட்சை விடுங்கள். என்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தீர்ந்துவிட்டது. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரம். 40,000 ஓடியதாகச் சொல்லும் 2018 வண்டியில் நாலும் புது டயராக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பானெட் கீல் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தடம் இருந்தால் முன்பக்கம் அடிபட்டிருக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறோம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படிப்பட்டவை கழுவித் துடைத்து வெளியூரில்தான் விலைபோகும். சீட் பெல்ட்டை முழுக்கக் கடைசிவரை இழுங்கள். யாரும் கழுவ மறக்கும் இடம் அது, சேறு கோடாகப் படிந்திருக்கும். ஸ்டெப்னி குழி, சீட் தண்டவாளத் திருகுகள், கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு, ஃபியூஸ் பெட்டியின் முனைகளில் பச்சைக் களிம்பு, எல்லாவற்றையும் பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஏசி போட்டு ஐந்து நிமிடம் கழித்து முக்கல் வாடை வரும். ஒயர் முனைகள் உடனே போகாது, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் போகும். அப்படி ஒரு வண்டி பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் வண்டிகளை லிஃப்டில் ஏற்றிக் கீழே பாருங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது ஜாக்கி வைக்கும் விளிம்பு, சைலன்சர் இணைப்பு, பிரேக் ஆயில் இரும்புக் குழாய். மேல் துரு பரவாயில்லை. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறதா, வேண்டாம்.

கும்பகோணம். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முட்டளவு தண்ணீர் நிற்கும். மின்சாரக் காரில் ஷாக் அடிக்காதா? புயலில் பத்து நாள் கரண்ட் இல்லையென்றால்?

ஷாக் பயம் வேண்டாம். பேட்டரிப் பெட்டி ஐ.பி. 67 தரம் என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும்படி சோதித்தது. கசிவு தெரிந்தால் உயர் மின்னழுத்தத்தை வண்டியே துண்டித்துக்கொள்ளும். பெட்ரோல், டீசல் வண்டியில் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராடு வளையும் ஆபத்தும் இதில் இல்லை. ஆனாலும் டயரில் பாதிக்கு மேல் தண்ணீரில் எந்த வண்டியையும் இறக்காதீர்கள். மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் போடவே போடாதீர்கள். முன்சக்கரம் ஓட்டும் மின்சாரக் காரை அந்தச் சக்கரம் தரையில் உருள இழுத்தால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். மேடை லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

கரண்ட் கவலை நியாயமானது. 2018 நவம்பர் 16-இல் கஜா கரை கடந்த பிறகு டெல்டா கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. புயல் எச்சரிக்கை வந்ததும் 100 வரை ஏற்றி, பிளக்கைக் கழற்றி, எம்.சி.பி.யை அணைத்து, மேட்டில் நிறுத்துங்கள். 24 யூனிட் பேட்டரி அவசரத்துக்கு 170, 180 கிலோமீட்டர் போகும், அதற்குள் கரண்ட் இருக்கும் ஊர் ஒன்று வந்துவிடும். சின்ன ஜெனரேட்டரில் ஏற்றலாம் என்று நம்பியிருக்காதீர்கள், அதற்கு எர்த் இல்லாததால் சார்ஜர் பெரும்பாலும் ஏற்காது.

வைக்கோல் போருக்கும் நெல் மூட்டைக்கும் பக்கத்தில் எந்தக் காரையும் நிறுத்தாதீர்கள். அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப்பக்கம் ஒதுங்கும். பெட்ரோல் காரில் கடித்தால் சில ஆயிரத்தோடு போகும், மின்சாரக் காரின் ஆரஞ்சு நிற ஒயரைக் கடித்தால் முழு ஒயர்த் தொகுதியையே மாற்றச் சொல்வார்கள். எலிக்கடி சேருமா என்று இன்சூரன்ஸ் எடுக்கும்போதே கேளுங்கள்.

மயிலாடுதுறை. மூன்று, நாலு வருடம் ஓடிய பழைய மின்சாரக் கார் வாங்கலாமா? மாதம் ஒருமுறை சென்னையும் போக வேண்டும்.

விலை சரியாக இருந்தால் நல்ல பேரம். ஆனால் பேட்டரி நலன் அறிக்கையைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எடுக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டாம் உரிமையாளருக்கு மிச்ச உத்தரவாதம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீங்களே செய்து பார்க்க ஒரு வழி உண்டு. உதாரணமாக, டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் பழைய மாடலில் பேட்டரி 30.2 யூனிட். 20 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற்ற, பேட்டரிக்குள் போக வேண்டியது 24 யூனிட், சார்ஜ் இழப்போடு மீட்டரில் 27 ஓட வேண்டும். தனி மீட்டர் வைத்து ஏற்றிப் பாருங்கள். 20 யூனிட்டிலேயே 100 காட்டினால் கொள்ளளவில் கால்வாசி போய்விட்டது. 12 வோல்ட் பேட்டரியின் வயதையும் கேளுங்கள். மின்சாரக் காரிலும் அது உண்டு, அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் விழிக்காது.

சென்னைக்கு மாதம் ஒருமுறை என்றால் வழியில் சார்ஜ் நிலையத்தில் ஒன்றோ இரண்டோ முறை டி.சி. வேக சார்ஜ், ஒவ்வொன்றும் ஒருமணி நேரம். வாங்கப்போகும் வண்டியில் அதற்கான சி.சி.எஸ். 2 துளை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு சார்ஜைவிட அங்கே யூனிட் விலை இரண்டு, மூன்று மடங்கு. முதல் சார்ஜரை 30 சதவீதம் இருக்கும்போதே அடையுங்கள், அது வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போக வழி இருக்கும். ஒருவரோ இருவரோ மட்டும் என்றால் உழவன் எக்ஸ்பிரஸ் ரயில் ராத்திரியில் ஏற்றி விடியலில் சென்னையில் இறக்கிவிடும். காரைத் தினசரி ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

திருவாரூர். மின்சாரக் கார் கடன் வட்டிக்கு வருமானவரிக் கழிவும் மத்திய அரசு மானியமும் உண்டு என்கிறார் விற்பனையாளர்.

80 இ.இ.பி. பிரிவுக் கழிவு 2023 மார்ச் 31-க்குள் அனுமதிக்கப்பட்ட கடனுக்கு மட்டும்தான். சொந்த உபயோகக் காருக்கு மத்திய மானியம் இல்லை. உண்மையான சலுகை 5 சதவீத ஜி.எஸ்.டி. அது ஏற்கெனவே விலைக்குள் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களின் வரியும் 18 சதவீதமாக இறங்கியதால் பழைய விலைப்பட்டியலை வைத்து ஒப்பிடாதீர்கள். மாநில சாலைவரி விலக்கு புக்கிங் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆன்ரோடு விலையைக் கையெழுத்தோடு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.